மேட்டுக்காரனுக்கும் ஒரு டம்ளர்

பெரியம்மாவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டில் பெயர் விவகாரம் எல்லாம் அவள் இலாகா. அதில் இன்னொருத்தர் தலையிடுவது அவளுக்குப் பிடிக்காது. என் அப்பாவின் மூத்த அண்ணன் மனைவி அவள். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில், தேயிலைச் சரிவுக்கு மேலே இருந்த எங்கள் ஓட்டு வீட்டில் மூன்று அண்ணன் தம்பி குடும்பங்களை ஒரே அடுப்பில் வைத்துக் காப்பாற்றியவள்.

அந்த வீட்டில் அவள் பெயர் வைக்காத பொருள் கிடையாது. வெந்நீர் அண்டாவுக்குக் கும்பகர்ணி என்று பெயர். எவ்வளவு விறகு வைத்தாலும் எழுந்திருக்காது. குன்னூரிலிருந்து முனகிக்கொண்டே மேடேறி வரும் கடைசி பஸ் சின்ன மாமனார். ஆடி மாதத்தில் விடாமல் நச்சரிக்கும் சாரல் நாத்தனார் மழை. சும்மா வேடிக்கைக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பெயர்களில்தான் நாங்கள் பேசினோம், சண்டை போட்டோம், பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதி வாத்தியாரிடம் அடியும் வாங்கினோம்.

அவளுக்கு ஒரே மகன். எங்கள் எல்லாருக்கும் அண்ணன். நாற்பது தாண்டிக் கொஞ்ச நாளிலேயே அவன் செத்துப்போனான். தான் வைத்த ஒரு பெயர்தான் அவனைக் கொண்டுபோனது என்று பெரியம்மா கடைசிவரை நம்பினாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் அவளை நான் பாதிதான் காட்டியவளாவேன். அதனால் முதலில் கம்பளிக்காரன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவைப் பெண் பார்க்கக் கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். எட்டுப் பத்துப் பேர், எல்லாரும் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு நடுங்கியபடி கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆகி, பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் தோட்டத்திலிருந்து வந்த அண்ணன் வாசலில் தலையை நீட்டி, “அம்மா, கம்பளிக்காரன் வந்துட்டானுங்க!” என்று கத்தினான்.

அவ்வளவுதான். பெண்கள் எல்லாரும் அடித்துப் பிடித்து எழுந்தோம். ஒருத்தி ஜன்னல்களைச் சாத்தினாள். ஒருத்தி கொடியில் கிடந்த துணியை வாரிக்கொண்டு ஓடிவந்தாள். நான் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். மாப்பிள்ளையின் அப்பா முகம் வெளுத்துவிட்டது. “ஏனுங்க, யாருங்க அவன்? போலீசுக்கு ஆள் அனுப்பலாமுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அய்ய, அதெல்லாம் வேண்டாமுங்க. நம்ம ஆளுதான். தெனமும் வர்றவன். ராத்திரி தங்கிப்போட்டுக் காலையில போயிருவான்” என்றாள் பெரியம்மா.

விஷயம் இன்னும் மோசமாகிவிட்டது. கம்பளிக்காரன் என்றால் சாயங்காலம் பள்ளத்திலிருந்து ஏறிவந்து வீட்டையே மூடிவிடும் கனத்த பனி என்று அப்பா அவர்களுக்குப் புரியவைப்பதற்குள் பாதிப் பேர் செருப்பு மாட்டிவிட்டார்கள். கல்யாணம் நடந்தது என்பது வேறு விஷயம். அக்காவின் மாமியார் மட்டும் கடைசிவரைக்கும் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது சொன்னால், “இது நெசமாலுமே அதுதானா, இல்ல உங்க பெரியம்மா வெச்ச பேரா?” என்று கேட்டுக்கொண்டுதான் பதில் சொல்வார்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று பெரியப்பா ஒருமுறை சொன்னார். அவிநாசிப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள் கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் சாயங்காலம், மேகம் வாசல்படி ஏறி வீட்டுக்குள் வருவதைப் பார்த்து அலறியிருக்கிறாள். ஒரு வாரம் அழுகை. பிறகு ஒருநாள் அதற்கு ஒரு பெயர் வைத்தாளாம். மறுநாள் அது வந்தபோது, “வந்தியா, வா” என்று சொல்லிவிட்டு விளக்கேற்றப் போனாளாம். நான் இதைப் பற்றி அவளிடமே கேட்டேன். “பேரு வெச்சுட்டா அப்பறம் அது நம்ம ஊட்டு ஆளு கண்ணு. நம்ம ஊட்டு ஆளைப் பாத்து யாராச்சும் பயப்படுவாங்களா?” என்றாள். அவளுடைய சாஸ்திரம் மொத்தமும் இதுதான். எனக்கு அது ரொம்ப நாள் ரொம்ப அழகாகத் தெரிந்தது.

அந்த மேட்டில் ஏறி வருகிற சமவெளிக்காரர்கள் எல்லாரும் பாதியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார்கள். அந்த மூச்சுவாங்கலுக்கு அவள் வைத்த பெயர் மேட்டுக்காரன். “என்னங்க, மேட்டுக்காரன் புடிச்சுட்டானா? செத்த உக்காருங்க, தானா விட்டுருவான்” என்பாள். அவர்களும் உட்காருவார்கள். அவனும் விட்டுவிடுவான். வருகிறவர்களுக்கு டீ கொடுக்கும்போது, “மேட்டுக்காரனுக்கும் ஒரு டம்ளர்” என்று இரண்டாவது டம்ளர் ஊற்றுவாள். விருந்தாளியை இரண்டு டம்ளர் குடிக்கவைக்க அது ஒரு வழி. யாரும் மறுக்கமாட்டார்கள்.

அவளுடைய இந்தப் பாஷையை அவளுக்குச் சமமாகப் பேசியவன் அண்ணன் ஒருத்தன்தான். நாங்கள் எல்லாம் பெயரைக் கற்றுக்கொண்டோம்; அவன் அந்தப் பெயர்களுக்குக் குடும்பம், குணம், சண்டை எல்லாம் சேர்ப்பான். கம்பளிக்காரனுக்கும் நாத்தனார் மழைக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பான். ஏன் என்று கேட்டால், போன வருஷம் சீர் பாக்கி என்பான். இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து ஆரம்பித்தால் எங்களுக்கு வயிறு வலிக்கும். பெரிய உருவம் அவன். சிரித்தால் ஓடு அதிரும். மகன் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே அவள் புதிது புதிதாகக் கண்டுபிடித்தாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

தேயிலை விலை விழுந்த வருஷங்கள் வந்தன. ஒரேயடியாக விழுந்திருந்தால் தெரிந்திருக்கும். அது படிப்படியாக இறங்கியது. அடுத்த மாதம் ஏறிவிடும் என்று ஒவ்வொரு மாதமும் பேசிக்கொண்டோம். முதலில் கொழுந்து பறிக்க வந்த ஆட்களை நிறுத்தினோம். அம்மா, சித்தி, அண்ணி, பெரியம்மா எல்லாரும் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார்கள். பிறகு ஃபேக்டரிக்காரர்கள் தினமும் இலை எடுப்பதை நிறுத்தினார்கள். எடுக்காத நாளில் பறித்து வைத்த கொழுந்து மூட்டைக்குள்ளேயே சூடேறிக் கறுத்துப்போகும். அதைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டுவோம். அந்த நாளுக்குப் பெரியம்மா கொழுந்துக்கு லீவு என்று பெயர் வைத்தாள். “இன்னிக்குக் கொழுந்துக்கு லீவு, நமக்கும் லீவு. வாங்க தாயம் ஆடலாம்” என்று கூடத்தில் கட்டம் போடுவாள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் ஆண்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது எங்கள் வீட்டில் தாயக்கட்டை உருண்டது.

சாப்பாட்டுக்கும் பெயர் மாறியது. எங்கள் வேலியில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே காய்த்துத் தள்ளுவது மேரக்காய், கீழே சௌசௌ என்பார்களே அது. பருப்பில்லாமல் வெறும் மேரக்காயை வேகவைத்து, கடுகு தாளித்து வைத்தால் அது அரண்மனைக் கூட்டு. அதன் தோலை வதக்கி அரைத்தால் மாப்பிள்ளைத் துவையல். புளித்தண்ணீரில் மிளகு தட்டிப்போட்டது ஜமீன் ரசம். ருசியில்லை என்று சொல்லமாட்டேன். அவள் கையில் மேரக்காய் நூறு வேஷம் போட்டது. ஆனால் கொஞ்ச நாளில் எங்களுக்கு ஒன்று புரிந்துவிட்டது. பெயர் எவ்வளவு பெரிதோ, அன்றைக்கு வீட்டில் அவ்வளவு இல்லை. மகாராஜா என்று ஆரம்பித்தாளானால் நான் போய் அரிசிப் பானையை எட்டிப் பார்ப்பேன். குன்னூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன் அப்போது. சாயங்காலம் சின்ன மாமனாரில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே, இன்று வெறும் ரசமாக இருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டு நுழைவேன்.

அண்ணியின் தம்பிக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் நல்ல வேலை. மாமாவையும் வரச் சொல்லுங்கள், சூப்பர்வைசர் வேலை இருக்கிறது, குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே என்று ஆள் மேல் ஆள் அனுப்பினான். அண்ணன் யோசித்தான். போகலாம் என்றுகூடச் சொன்னான். பெரியம்மா தடுக்கவில்லை. “போடா சாமி, வேர்வைப்பட்டணத்துல போயி ராசாங்கம் பண்ணு. உன்ற பனியனை நீயே புழிஞ்சு நீயே மடிச்சு வெய்யி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அண்ணன் சிரித்தான். இரண்டு நாள் நினைத்து நினைத்துச் சிரித்தான். “அம்மா பேர் வெச்சுப்போட்டா. இனி அந்த ஊர்ல போயி நின்னா எனக்குச் சிரிப்புத்தான் வரும்” என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டான்.

அண்ணி சிரிக்கவில்லை. அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். எனக்கு அன்றைக்கு முதல்முறையாகப் பெரியம்மா மேல் கோபம் வந்தது.

எங்கள் தோட்டம் வீட்டுக்குக் கீழே பள்ளத்தில். லாரி நிற்கும் ரோடு வீட்டுக்கும் மேலே. இலை மூட்டையை அங்கிருந்து இங்கே சுமந்தாக வேண்டும். முன்பு அதற்கென்றே இரண்டு பேர் இருந்தார்கள். இப்போது அண்ணன் சுமந்தான். ஈர இலை மூட்டை எவ்வளவு கனக்கும் என்று தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். பாதி வழியில் மூட்டையை இறக்கிவிட்டு, வீட்டைப் பார்த்து, “அம்மா, மேட்டுக்காரன் புடிச்சுட்டான்!” என்று சத்தம் போடுவான். “உள்ளூர்க்காரனையே புடிக்கறானா? அவனுக்கு மருவாதி தெரியலையே!” என்று இவள் இங்கிருந்து பதில் கொடுப்பாள். அப்புறம் ஒருநாள், “இப்பெல்லாம் இடது கையையும் சேத்துப் புடிச்சு இழுக்கறானுங்கம்மா” என்றான். “கை குடுத்தா விடமாட்டான். உதறிப்போடு” என்றாள். அவன் கையை உதறிக் காட்டினான். கூடத்திலிருந்த எல்லாரும் சிரித்தோம்.

அண்ணி மட்டும் ஒருமுறை கேட்டாள். துணி மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். “ஏனுங்கத்தை, மேட்டுக்காரன் இவருக்கு அடிக்கடி வரானுங்க. ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரச் சொல்லுங்களேன்.”

“அவன் வராத ஊடு இந்த மலையில எது கண்ணு? எனக்கு வரல, உனக்கு வரல? அதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டரு சிரிப்பாரு.”

அண்ணியும் அந்தப் பெயரைச் சொல்லித்தானே கேட்டாள்? அந்த வீட்டில் அதற்கு வேறு சொல் எங்கே இருந்தது? அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவளால் பயத்தைச் சொல்லவே முடியவில்லை. பயப்படக் கூடாது என்றுதானே அது உண்டாக்கப்பட்டது.

அன்றைக்கு ஃபேக்டரி இலை எடுக்கும் நாள். லாரி போய்விடுமே என்று விடிந்ததிலிருந்து அண்ணன் சுமந்துகொண்டிருந்தான். நான் ஆபீசுக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தேன். அண்ணி மேலே வந்து, “அத்தை, மேட்டுக்காரன் வந்திருக்கானாம். உக்காந்திருக்கார். டீ கேக்கறார்” என்றாள். அவள் குரலில் ஒன்றுமில்லை. தினமும் சொல்வதுதான்.

“வெறுங்கையோட எப்புடி அனுப்பறது? ரெண்டு பேருத்துக்கும் கொண்டு போ” என்று பெரியம்மா இரண்டு டம்ளரில் ஊற்றினாள். ஒன்றில் சர்க்கரை தூக்கலாகப் போட்டாள். “இது மேட்டுக்காரனுக்கு. இனிப்புக் குடுத்தாத்தான் சீக்கிரம் கெளம்புவான்னு சொல்லு, சிரிப்பான்.”

அண்ணி இரண்டு கையிலும் இரண்டு டம்ளரோடு, தளும்பாமல் மெதுவாக இறங்கிப் போனாள். ஓடியிருக்க வேண்டிய தூரம் அது. அவள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் இலை மூட்டையில் சாய்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. மூச்சு மட்டும் எங்கோ இருந்தது. அவள் போட்ட சத்தம் ரோடுவரை கேட்டதாம்.

இலை லாரியிலேயே போட்டுக் குன்னூருக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு கூடவே ஓடிய டாக்டர், “எத்தனை நாளா நெஞ்சுவலி இருந்தது?” என்று கேட்டார். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாருமே சொன்னதில்லை.

“நெஞ்சுவலின்னு அவர் சொன்னதே இல்லீங்க. மேட்டுக்காரன் வரான், மேட்டுக்காரன் வரான்னுதான் சொல்லிட்டிருந்தார்” என்றாள் அண்ணி.

“யாரும்மா அது? கூட வந்திருக்காரா?” என்று டாக்டர் எங்கள் பின்னால் தேடிப் பார்த்தார்.

பெரியம்மா அங்கேயே, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து வந்து சொன்னார்கள்.

தேயிலை விலைதான் அவனைக் கொன்றது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆள் வைத்துச் சுமந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார்கள். நான்தான் கொன்றேன் என்றாள் பெரியம்மா. ஒரே ஒருமுறைதான் சொன்னாள், அழாமல் சொன்னாள். அப்படியெல்லாம் இல்லை என்று எல்லாரும் மறுத்தார்கள். நானும் மறுத்தேன். எனக்கு என்னவோ இரண்டும் உண்மை என்றுதான் படுகிறது. இதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டியவளும் இல்லை அவள்.

காரியம் முடிந்த மறுநாள் சாயங்காலம் சித்தி பழக்கதோஷத்தில், “ஜன்னலைச் சாத்துங்க, கம்பளிக்காரன் வரான்” என்றாள். மூலையில் படுத்திருந்த பெரியம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

“பனின்னு சொல்லு. அதுக்குப் பேரு பனி.”

அதோடு சரி. அதன் பிறகு அவள் ஒரு பெயர் வைக்கவில்லை. வைத்த பெயர் எதையும் வாயில் எடுக்கவில்லை. சோறு, ரசம், மழை, பஸ், அண்டா. ஊரெல்லாம் சொல்கிற சொற்களை, பரீட்சைக்குப் படித்தவள் மாதிரி, சரியாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரே நாளில் எனக்கு இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஒருத்தரை எரித்தோம். இன்னொருத்தர் எங்களோடு இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்தார்.

அண்ணி குழந்தைகளோடு திருப்பூருக்குப் போனாள். சித்தப்பா குடும்பம் கோயமுத்தூருக்கு இறங்கியது. பெரியப்பா, அப்பா, அம்மா எல்லாரும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கவாத்து வெட்ட ஆளில்லாமல் எங்கள் தேயிலை மரமாக வளர்ந்து, உள்ளே மனிதர் நுழைய முடியாமல் போனது. அதை யாரோ வாங்கினார்கள். பெரியம்மாவை நான் குன்னூரில் என்னோடு வைத்துக்கொண்டேன். என் கணவர் நல்லவர். அவளை அவர் அப்படித்தான் அறிவார், அதிகம் பேசாத, ஒழுங்கான ஒரு கிழவியாக. பழைய கதையைச் சொன்னால், “இவங்களா?” என்று கேட்பார்.

நான் விட்டுவிடவில்லை. எனக்குப் பெண் பிறந்தபோது குழந்தையைக் கொண்டுபோய் அவள் மடியில் போட்டேன். எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று, அவள் வைத்த பெயர் ஒன்று. “நீங்கதான் பேர் வெய்க்கோணும்” என்றேன். குழந்தையை ரொம்ப நேரம் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது. ஒன்று வந்துவிட்டது, எனக்குத் தெரியும், நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. பிறகு குழந்தையை என்னிடமே நீட்டினாள். “வேண்டாங்கண்ணு. ஆஸ்பத்திரியில என்ன எழுதுனீங்களோ, அதையே கூப்புடு.”

“ஒரே ஒரு பேருங்க, பெரியம்மா. எனக்காக” என்று கெஞ்சினேன்.

“இதாச்சும் இருக்கட்டும்” என்றாள்.

கடைசியில் வயிற்றில் என்னவோ வந்து, தொண்ணூறு தாண்டியவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் சின்னப் பெண். பொறுமையானவள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “பாட்டி, எப்படி வலிக்குது? குத்துதா, எரியுதா, புழியுதா? எதாவது மாதிரி இருக்குன்னு சொல்லுங்க, நான் புரிஞ்சுக்கறேன்.”

பெரியம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு ஒருத்தி வலிய வந்து கேட்கிறாள். ஒரு சொல் போதும். சொல்லிவிடுங்கள் பெரியம்மா, அது என்ன மாதிரி இருந்தாலும் சொல்லிவிடுங்கள் என்று உள்ளுக்குள் கதறினேன்.

“வயித்துவலிங்க” என்றாள். “தொப்புளுக்கு மேல, வலது பக்கம். மூணு நாளா இருக்குதுங்க. சாப்பிட்டா சாஸ்தியாகுது.”

டாக்டர் எழுதிக்கொண்டாள். போகும்போது என் தோளைத் தொட்டு, “இந்த வயசுல இவ்வளவு தெளிவா சொல்றவங்களை நான் பாத்ததே இல்லைங்க. சில பேர் என்னென்னமோ கதை சொல்லுவாங்க” என்றாள்.

பெரியம்மா அதைக் கேட்டாள். நல்ல மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.